விரல்கூடத் தெரியக் கூடாது

பொட்டலம் சாப்பாட்டு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்து நாற்பது நிமிடம் ஆகிவிட்டது.

"கண்ணுல்ல, வெளிய வா. போட்டோ மாமா எவ்வளவு நேரமா காத்திட்டிருக்காரு பாரு" என்றாள் வீட்டம்மா, கன்னத்தைத் தரையோடு வைத்துக்கொண்டு.

"மாத்தேன்" என்று மேசைக்கு அடியிலிருந்து பதில் வந்தது.

போட்டோ மாமா தரையில் குப்புறப் படுத்திருந்தார். வீடு வீடாகப் போய்ச் சின்னக் குழந்தைகளைப் படம் எடுப்பது அவர் தொழில். பதினோரு வருடத்தில் ஒரு சிரிப்பாவது வாங்காமல் எந்த வீட்டுப் படியையும் விட்டு இறங்கியதில்லை. அதற்கென்று ஒரு ரப்பர் வாத்து வைத்திருந்தார். அதைத் தலையில் வைத்துக்கொண்டு புருவத்தை உயர்த்தினால் வாத்து சரிந்து விழும். விழும்போது "க்வாக்" என்று கத்தும். ஊரில் பாதிக் குழந்தைகள் அந்த வாத்துக்காகவே சிரித்திருக்கிறார்கள்.

பொட்டலம் அந்த வாத்துக்குப் பயந்துதான் மேசைக்கு அடியில் போனாள்.

வீட்டம்மா எழுந்துபோய், அலமாரி மேல் இருந்த ஒரு நோட்டை எடுத்து அவசரமாக ஏதோ எழுதினாள். போட்டோக்காரர் படுத்தபடியே எட்டிப் பார்த்தார். 'வாத்து – பயம்' என்று எழுதியிருந்தது. அதற்கு மேலே, 'பால் ஆறியிருக்கணும். தூங்கும்போது காது மடலைப் பிடிச்சுக்குவா, கையை எடுக்கக் கூடாது.'

"எதுக்கு மேடம் இதெல்லாம் எழுதி வைக்கறீங்க?"

"எழுதி வைக்கலேன்னா மறந்துடும்."

'இரண்டரை வயசுப் பிள்ளை வாத்துக்குப் பயப்படறது மறந்துபோனா என்ன முழுகிடும்?' என்று போட்டோக்காரர் நினைத்துக்கொண்டார்.

"தள்ளுங்க சார், நான் கொண்டு வர்றேன்" என்று சட்டைக் கையை மடித்தார் வீட்டுக்காரர். அவர் பேருந்து ஓட்டுநர். முட்டுச்சந்திலேகூட அறுபது பேரோடு வண்டியைத் திருப்பிவிடுவார் என்று தெருவில் பேர். இன்றைக்கு விடுப்பு எடுத்திருந்தார். மேசைக்கு அடியில் தலையை விட்டார், தோளை விட்டார், இடுப்புவரை போனார். அதற்குமேல் முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை.

"ரிவர்ஸ் எடுங்க!" என்றாள் வீட்டம்மா.

அவர் ரிவர்ஸ் எடுத்தார். முதுகோடு மேசையும் எழுந்தது. மேசைமேல் இருந்த தண்ணீர்க் கூஜா சரிந்து, போட்டோக்காரர் சுவரோரம் அழகாக விரித்திருந்த சாம்பல் நிறத் திரையில் கவிழ்ந்தது. பொட்டலம் அந்தப் பக்கமாக வெளியே வந்து, நனைந்த திரையில் 'தப் தப்' என்று குதித்தாள்.

"வெளிய வந்துட்டா பாத்தீங்களா!" என்றார் ஓட்டுநர், இன்னும் மேசையைச் சுமந்தபடி.

"இவளுக்கு ஏங்க பொட்டலம்னு பேரு?" என்று திரையைப் பிழிந்துகொண்டே கேட்டார் போட்டோக்காரர்.

"கையில வாங்கின அன்னைக்குத் துண்டுல சுத்தி, மூக்கு மட்டுந்தான் வெளிய தெரிஞ்சுது. பொட்டலம் மாதிரி இருந்தா. நான் விளையாட்டாச் சொன்னேன், அதுவே நின்னுடுச்சு. நிஜப் பேரு ஒண்ணு இருக்கு. அதைக் கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்க மாட்டா" என்றார் ஓட்டுநர்.

"இப்ப ரெண்டு வாரமா பழக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றாள் வீட்டம்மா, சட்டென்று. கணவர் வாயை மூடிக்கொண்டார்.

திரை நனைந்ததால் வீட்டிலிருந்த நீலப் படுக்கை விரிப்பை ஜன்னல் திரைக்கம்பியில் தொங்கவிடலாம் என்று முடிவாயிற்று. அது நல்ல யோசனைதான். பொட்டலத்துக்கும் பிடித்திருந்தது. விரிப்பைப் பிடித்து ஊஞ்சலாடினாள். திரைக்கம்பி சுவரிலிருந்து பெயர்ந்து, போட்டோக்காரரின் விளக்குமேல் விழுந்தது. 'டப்' என்ற சத்தம் கேட்டது. கண்ணாடித்தூளைப் பெருக்க இருபது நிமிடம்.

"பரவாயில்ல, குழந்தைங்களுக்கு ஜன்னல் வெளிச்சந்தான் அழகு. நானே சொல்லணும்னு இருந்தேன்" என்றார் போட்டோக்காரர். அவர் முகம் வேறு ஏதோ சொன்னது.

ஜன்னலுக்கு வெளியே காக்கை இருந்தது. அடுத்த கால்மணி நேரத்தில் அவர் பதினேழு படம் எடுத்தார். பதினேழிலும் பொட்டலத்தின் பின்னந்தலை. பின்னந்தலை அழகாகத்தான் இருந்தது.

பிஸ்கட் கொடுத்தால் திரும்புவாள் என்றார் ஓட்டுநர். கொடுத்தார். திரும்பினாள். ஆனால் அது சாக்லேட் பிஸ்கட், சட்டை வெள்ளைச் சட்டை. வீட்டம்மா ஈரத்துணியால் துடைத்தாள். உள்ளங்கை அகலம் இருந்த கறை வயிறு முழுக்கப் பரவியது.

"அந்த மஞ்சள் சட்டை ரெடியாயிடுச்சான்னு கேளுங்க!"

மாடிப்படிக்குக் கீழே தையல் இயந்திரம் போட்டிருந்த தையல்காரம்மா, வாயில் நாலு குண்டூசியோடு மஞ்சள் சட்டையைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தார். ஒரு பொத்தான் பாக்கி. பொட்டலத்துக்குச் சட்டையை மாட்டிவிட்டு, நெளிய நெளியப் பிடித்துவைத்து அந்தப் பொத்தானையும் தைத்தார்.

"சிரிச்ச முகமா எடுங்க சார். அதுதான் முக்கியம்" என்று குண்டூசிகளுக்கு நடுவிலிருந்து சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

"அதுக்குத்தானே காலைலேர்ந்து உருண்டுட்டிருக்கேன்" என்றார் போட்டோக்காரர்.

இப்போது மிஞ்சியது ஒரே வழி. பொட்டலம் வீட்டம்மாவின் மடியில் மட்டும்தான் இரண்டு நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்தாள். மடியில் ஏறியதுமே முகம் தெளிந்துவிடும், கால் இரண்டும் ஆடத் தொடங்கும்.

"அப்படியே உக்காருங்க மேடம். ரெண்டு பேரையும் சேத்து ஒண்ணு எடுத்துடறேன். பிரமாதமா வரும்."

"நான் வேண்டாம்."

"ஏன் மேடம்? தலைகூட வாரியிருக்கீங்க."

"குழந்தை மட்டுந்தான் வேணும். என் விரல்கூடத் தெரியக் கூடாது."

அவர் குனிந்து, நெருங்கி, குழந்தையின் இடுப்புக்குமேல் மட்டும் வருகிற மாதிரி எடுத்தார். வீட்டம்மா கேமராவை வாங்கி ஒவ்வொரு படமாகப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஓர் இடத்தில் நிறுத்தினாள்.

"இங்க இடுப்புல இது என்ன?"

"உங்க சுண்டுவிரல் மேடம். அழகாத்தான் இருக்கு."

"அழிங்க."

"இதுல தெரியல பாருங்க."

"வளையல் நிழல் விழுது. அழிங்க."

போட்டோக்காரர் பல நூறு அம்மாக்களைப் பார்த்திருக்கிறார். கன்னம் உப்பலாகத் தெரிகிறது என்று அழிக்கச் சொன்னவர்கள் உண்டு. நைட்டியில் இருக்கிறேன் என்று கதவுக்குப் பின்னால் ஒளிந்தவர்கள் உண்டு. வளையலின் நிழலுக்கு வழக்காடியவளை இப்போதுதான் பார்க்கிறார். அவருக்குச் சுருக்கென்று வந்தது. கேமராவைக் கீழே வைத்தார்.

"மேடம், ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு நாலு வயசுல எங்கம்மா போய்ட்டாங்க. அவங்களோட நான் இருக்கற படம் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. அதுலயும் அவங்க முழங்கை மட்டுந்தான் இருக்கு. வெட்டி எடுத்துட்டாங்க. அந்த முழங்கையை வெச்சுத்தான் எங்கம்மா எப்படி இருந்திருப்பாங்கன்னு இன்னைக்கும் யோசிச்சுப் பாத்துக்கறேன். நாளைக்கு இவ வளந்து கேட்டா என்ன காட்டுவீங்க?"

பொட்டலம் மஞ்சள் பொத்தானைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டம்மா குழந்தையைக் கணவரிடம் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குள் போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. வெகுநேரம் தண்ணீர் ஓடியது. பாத்திரம் எதுவும் அசையவில்லை.

"நான் ஏதாவது தப்பா..." என்று இழுத்தார் போட்டோக்காரர்.

"இல்ல சார். நீங்க சரியாத்தான் சொன்னீங்க" என்றார் ஓட்டுநர். "அதான் தப்பாயிடுச்சு."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மூக்கு நுனி சிவந்திருந்தது.

"முழங்கையும் தெரியக் கூடாது" என்றாள்.

போட்டோக்காரர் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். பிறகுதான் அவருக்கு அந்தப் பழைய வித்தை ஞாபகம் வந்தது. குழந்தை தனியாக உட்காராத வீடுகளில், பிடித்திருக்கும் ஆளைத் துணியால் மூடி நாற்காலிபோல ஆக்கிவிடுவது. நாற்காலியில் குழந்தை, நாற்காலிக்குள் அம்மா.

"சோபா ஆவறீங்களா மேடம்?"

"ஆவறேன்" என்றாள், ஒரு கேள்வி கேட்காமல்.

நீல விரிப்பை அவள் தலையோடு போர்த்தினார்கள். ஓட்டுநர் ஓரங்களைச் செருகினார். கைகளுக்கு இரண்டு தலையணை. கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால், நடுவில் தலை வீங்கிய ஒரு சோபாவாகத்தான் இருந்தது. பொட்டலத்தை அதன் மடியில் வைத்தார்கள்.

பொட்டலம் இடப்பக்கம் பார்த்தாள். வலப்பக்கம் பார்த்தாள். உதடு பிதுங்கியது.

"அம்மா?"

சோபா பதில் சொல்லவில்லை.

"அம்மா! அம்மா!" பொட்டலம் வீறிட்டு அழத் தொடங்கினாள்.

"மேடம், ஒரு குரல் குடுங்க, குழந்தை பயப்படுது!"

சோபா அசையாமல் இருந்தது. பிறகு, "இப்ப கூப்பிடாதடா செல்லம். கொஞ்ச நேரம் கூப்பிடாம இருந்து பழகு" என்று துணிக்குள்ளிருந்து அடைத்த குரலில் சொன்னது.

பொட்டலம் அழுகையை நிறுத்திவிட்டு சோபாவைத் திரும்பிப் பார்த்தாள். அது அவளுக்குத் தெரிந்த சோபா. இரண்டு கையாலும் விரிப்பைப் பிடித்துச் சடாரென்று தூக்கினாள். உள்ளே முகம். தலைமுடி கலைந்து, கண் கூசி, வேர்த்து வழியும் முகம். பொட்டலம் ஒரு நொடி பார்த்தாள். அப்புறம் அந்தக் கன்னம் இரண்டையும் உள்ளங்கையால் அறைந்துபிடித்துக்கொண்டு, வயிறு குலுங்க, கெக்கலிகொட்டிச் சிரித்தாள்.

கேமரா 'கிளிக்' என்றது. போட்டோக்காரர் எடுக்கவில்லை, அவர் விரல் எடுத்தது.

"அது வேண்டாம். அழிங்க" என்றாள் வீட்டம்மா, மூச்சு வாங்க.

"மேடம், பதினோரு வருஷத்துல இப்படி ஒரு படம்..."

"அழிங்க சார். உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன்."

அவர் எதையோ அமுக்கினார். "சரி" என்றார்.

இதற்குள் ஒன்று மட்டும் விளங்கிவிட்டது. விரிப்பு மூடினால் சிரிப்பு இல்லை. விரிப்பு விலகினால் சிரிப்பு இருக்கிறது, கூடவே அந்த முகமும் இருக்கிறது. அந்த முகம் இருக்கும் படம் வேண்டாம். அந்த முகம் இல்லாமல் சிரிப்பு வராது. போட்டோக்காரர் தரையில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் சோபா ஆவறேன்" என்றார் ஓட்டுநர். "நீ கேமராப் பக்கம் போய் நில்லு."

பருத்த உடம்பு. விரிப்பு முழங்காலோடு நின்றுவிட்டது. மிச்சத்துக்கு இன்னொரு போர்வை. சோபாவுக்குக் காக்கி பேன்ட் தெரியாமல் இருக்க முன்னால் ஒரு தலையணை. பொட்டலத்தை மேலே வைத்தபோது சோபா ஒருமுறை தும்மியது. அவள் அதைத் தட்டிக்கொடுத்தாள்.

வீட்டம்மா போட்டோக்காரரின் தோளுக்குப் பின்னால் வந்து மண்டியிட்டாள். அவள் மூச்சு அவர் காதில் பட்டது. பொட்டலம் அவளைக் கண்டதும் கையை நீட்டினாள்.

"அம்மா!"

"அம்மா பாரு" என்று வீட்டம்மா கையை நீட்டிக் கேமராவின் கண்ணாடியைத் தொட்டுக் காட்டினாள். "இங்க. இங்க பாரு, அம்மா. அம்மாவைப் பாத்துச் சிரி."

பாவம், பதற்றத்தில் அவளுக்குத் திசைகூடத் தெரியவில்லை என்று நினைத்தார் போட்டோக்காரர். நிற்பது ஒரு பக்கம், காட்டுவது இன்னொரு பக்கம்.

"மேடம், நீங்க அங்க காட்டினா குழந்தை குழம்பிடும். உங்க முகத்தைக் காட்டுங்க."

"வேண்டாம். அவ இதைத்தான் பாக்கணும். நேரா. கண்ணுக்குள்ள பாக்கற மாதிரி இருக்கணும்."

பொட்டலம் குழம்பித்தான் போனாள். அவளைப் பார்த்தாள், கண்ணாடியைப் பார்த்தாள், மறுபடி அவளைப் பார்த்தாள். வீட்டம்மா மெல்ல மெல்லத் தன் முகத்தைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். கன்னம் உப்பினாள். நாக்கைத் துருத்தினாள். மூக்கை விரலால் மேலே தள்ளிப் பன்றி மாதிரி உறுமினாள். காதை ஆட்டினாள். அவளுக்குக் காது ஆட்ட வரும் என்று அவள் கணவருக்கே அன்றுதான் தெரிந்திருக்கும், அவர் சோபாவாக இல்லாமல் இருந்திருந்தால். பொட்டலத்தின் வாய் அகலமாகிக்கொண்டே வந்தது. சிரிப்பு தொண்டைவரை வந்துவிட்ட அந்த நொடியில் வீட்டம்மா தன் முகத்தைச் சட்டென்று கேமராவுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அந்த முகத்தைத் தேடி வந்த கண்கள் நேராகக் கண்ணாடிக்குள் இறங்கின.

கிளிக்.

"வந்துடுச்சு!" என்று கத்தினார் போட்டோக்காரர். "மேடம், வந்துடுச்சு! விரல் இல்ல, நிழல் இல்ல, ஒண்ணும் இல்ல! தனியா, சிரிச்சுக்கிட்டு, நேரா பாக்கறா!"

அவர் திரும்பிப் பார்த்தார். வீட்டம்மா இன்னும் கன்னத்தை உப்பிக்கொண்டே இருந்தாள். உப்பிய கன்னத்தின் மேல் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"அவ்வளவு சிரிச்சிட்டீங்களா?" என்றார் அவர், தானும் சிரித்து.

"ஆமா" என்றாள் அவள்.

"முடிஞ்சுதா? மூச்சு முட்டுது" என்றது சோபா. விரிப்பை விலக்கினால் ஓட்டுநருக்கும் கண் சிவந்திருந்தது. போர்வையில் ஒரே தூசி என்றார்.

வீட்டம்மா அந்த ஒரு படத்தை வெகுநேரம் பார்த்தாள். பெரிதாக்கினாள், சின்னதாக்கினாள். நாலு மூலையையும் தேடினாள். எங்கேயும் அவள் இல்லை.

"நல்லா இருக்கு" என்றாள். "பாக்கறவங்களுக்கு, தன்னைப் பாத்துத்தான் சிரிக்கறான்னு தோணும் இல்ல?"

"நிச்சயமா தோணும் மேடம். எத்தனை காப்பி?"

"ஒண்ணு போதும். ஒருத்தருக்குக் குடுக்கணும்."

"வீட்டுக்கு?"

"வீட்டுக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, பொட்டலத்தை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே போனாள். போகிற போக்கில் நோட்டை எடுத்து, ஒரு கையாலேயே எழுதினாள். 'காது ஆட்டினா சிரிப்பா.'

போட்டோக்காரர் உடைந்த விளக்கையும் ஈரத் திரையையும் வாத்தையும் பையில் அடைத்தார். ஓட்டுநர் வாசல்வரை வந்தார். உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் கதவை ஒருக்களித்துச் சாத்தினார்.

"சார், அந்த விரிப்பைத் தூக்கினப்போ எடுத்தீங்களே ஒரு படம். நிஜமாவே அழிச்சிட்டீங்களா?"

போட்டோக்காரர் தரையைப் பார்த்தார். "மன்னிச்சிடுங்க. மனசு வரல. அழிச்ச மாதிரி காட்டினேன்."

ஓட்டுநர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன கை. விடவே இல்லை.

"அதுல ஒண்ணு எனக்குப் போட்டுக் குடுங்க. சின்னதா இருந்தாப் போதும். வண்டியில என் சீட்டுக்கு மேல செருகி வெச்சுக்கறேன். இவளுக்குத் தெரிய வேண்டாம். தெரிஞ்சா கிழிச்சிடுவா. கிழிச்சிட்டு அப்புறம் ஒட்டிக்கிட்டு உக்காந்திருப்பா."

"ஏங்க, என்னதாங்க விஷயம்?"

"போய்ட்டு வாங்க சார்" என்றார் ஓட்டுநர். கதவு சாத்திக்கொண்டது.

போட்டோக்காரர் படி இறங்கினார். வெற்றிதான். பதினோரு வருடப் பேர் காப்பாற்றப்பட்டுவிட்டது. ஆனாலும் மனசு எதிலோ மாட்டிக்கொண்டு கூட வராமல் நின்றது. படி இறங்க இறங்க அவருக்கு அந்த வீட்டம்மாமேல் கோபம் கோபமாக வந்தது. அம்மா இருக்கும்போதே அம்மா இல்லாத படம் கேட்கிற வீடும் உண்டா?

படிக்குக் கீழே தையல்காரம்மா தலை நிமிராமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். மடி நிறையக் கனமான கம்பளித் துணி.

"சிரிச்சாளா சார்?"

"சிரிச்சா, சிரிச்சா. ஆனா இப்படி ஒரு பிடிவாதக்கார அம்மாவை நான் பாத்ததே இல்லைங்க. ஒரு படத்துல, ஒரே ஒரு படத்துல கூட நிக்க மாட்டேன்னுட்டாங்க." அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "அது போகட்டும், வெயில் இந்தப் போடு போடுது, இந்த நேரத்துல யாருக்குங்க கம்பளிக் கோட்டு?"

தையல்காரம்மா இயந்திரத்தை நிறுத்தினார். வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்தினார். தைத்த வரைக்கும் கோட்டைத் தூக்கிக் காட்டினார். இரண்டு கையும் முழ நீளம்கூட இல்லை.

"பொட்டலத்துக்குத்தான் சார்; ஞாயித்துக்கிழமை அவளைப் பெத்த அம்மா வந்து கூட்டிட்டுப் போறாங்க, அந்த ஊர்ல பனி கொட்டுமாம், அதான் மேல இருக்கற அவ சித்தி ரெண்டு வருஷத்துக்குப் பத்தற மாதிரி பெருசாத் தைக்கச் சொன்னாங்க."